கரைய மறுக்கும் கம்பிகள்

நான்கு மில்லிகிராம் டங்ஸ்டன் போதும். அதை 240 கம்பிகளாக்கி, 4 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில், மேல் மின்முனைக்கும் கீழ் மின்முனைக்கும் நடுவே செங்குத்தாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு கம்பியின் தடிமனும் 7.5 மைக்ரான், ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நீளம் 2 செ.மீ. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி. பார்வைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கூண்டு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள 'இசட்' எந்திரம் 1997 வாக்கில் இப்படிப்பட்ட கூண்டுகளின் வழியே ஏறத்தாழ இரண்டு கோடி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தியது. அந்த உச்சத்தைத் தொட மின்னோட்டம் எடுத்துக்கொண்டது 100 நானோநொடி, அதாவது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. கூண்டு உள்நோக்கிச் சரிந்து நடு அச்சில் மோதியபோது வெளிப்பட்ட எக்ஸ் கதிர்களின் ஆற்றல் சுமார் 2 மெகாஜூல்.

நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் 2 மெகாஜூல் என்பது அரை யூனிட்டுக்குச் சற்றே மேல். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஒரு மாலைப்பொழுது தாங்கும் மின்சாரம். அதே அரை யூனிட் சில நானோநொடிகளுக்குள் கொட்டித் தீரும்போது அதன் திறன் 200 டெராவாட்டை எட்டுகிறது. உலகிலுள்ள எல்லா மின்நிலையங்களும் சேர்ந்து இன்று சராசரியாகத் தரும் திறனே 3 டெராவாட்டைச் சற்றுத்தான் தாண்டும்.

இந்த எண்களைச் சொல்லி வியப்பது எளிது. ஆனால் இந்தத் துறையை நெருங்கிப் படிக்கப் படிக்க, கடைசி வெடிப்பைவிட அதற்கு முந்தைய சில பத்து நானோநொடிகளே என்னை அதிகம் ஈர்க்கின்றன. மின்னோட்டம் பாயத் தொடங்கிவிட்டது. கூண்டு இன்னும் சரியவில்லை. அந்த இடைவேளையில் கம்பிக்கு என்ன நேர்கிறது? எலெக்ட்ரான்கள் பிய்ந்த வாயுவான பிளாஸ்மா எங்கே, எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாக நகர்கிறது? இருபதாண்டுக் காலம் இதற்குத் தவறான பதிலே புழங்கியது. அந்தப் பதிலை மாற்றியது 'இசட்' அல்ல, அதைவிடப் பதின்மடங்கு சிறிய கருவி.

அடிப்படை விசையிலிருந்து தொடங்குவோம். ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பதை 1820இல் ஆம்பியர் காட்டினார். கம்பிகளை வட்டமாக நிறுத்தினால் ஒவ்வொரு கம்பியையும் மற்றவை அனைத்தும் சேர்ந்து மையத்தை நோக்கி இழுக்கும். இதையே காந்தப்புலத்தின் வழியாகவும் சொல்லலாம். கூண்டுக்குள்ளே கம்பிகளின் புலங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்கின்றன. வெளியே அவை ஒன்றுசேர்ந்து கூண்டைச் சுற்றி வளையமிடுகின்றன. வெளியே அழுத்தம், உள்ளே வெறுமை. ஆகவே கூண்டு உள்நோக்கி நெரிபடுகிறது.

இந்த நெரிப்பை இயற்கை ஒருமுறை தானே செய்து காட்டியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஆலை இருந்தது. அதன் இடிதாங்கியில் பொருத்தியிருந்த செம்புக் குழாய் மின்னல் தாக்கியபின் நசுங்கிக் கிடந்தது. யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை; வெளியிலிருந்து எதுவும் மோதவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலாக்கும் பாராக்ளாஃபும் அந்தக் குழாயை ஆராய்ந்தார்கள். குழாயின் வழியே பாய்ந்த மின்னலின் சொந்தக் காந்தப்புலமே அதை நசுக்கியது என்று 1905இல் விளக்கினார்கள். பின்னாளில் 'பிஞ்ச்' எனப் பெயர் பெற்ற விளைவு இதுதான். மின்னோட்டம் உருளையின் அச்சுத் திசையில், கணிதக் குறியீட்டில் இசட் திசையில், பாய்வதால் முழுப்பெயர் 'இசட் பிஞ்ச்'.

இரண்டு கோடி ஆம்பியர் 2 செ.மீ. ஆரமுள்ள கூண்டில் பாய்ந்தால் அதன் விளிம்பில் காந்தப்புலம் 200 டெஸ்லா இருக்கும். அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். ஆரம் சுருங்கச் சுருங்க இந்த அழுத்தம் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. மின்னோட்டம் மாறாமல் ஆரம் 2 மி.மீ. ஆகும்போது அழுத்தம் நூறு மடங்காகி ஒன்றரைக் கோடி வளிமண்டலத்தைக் கடந்துவிடும். பூமியின் மையத்தில் நிலவும் அழுத்தம் சுமார் 36 லட்சம் வளிமண்டலந்தான்.

'இசட்' எந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 33 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி. அதன் வெளிச்சுற்றில் எண்ணெய்க்குள் 36 மார்க்ஸ் மின்னாக்கிகள், ஒவ்வொன்றிலும் 60 மின்தேக்கிகள். ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1924இல் வகுத்த உத்தி இது: மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் வைத்து மெல்ல நிரப்பு, தொடர் இணைப்பில் மாற்றி ஒரே மூச்சில் காலி செய். அந்தத் துடிப்பு தூய நீரால் காப்பிட்ட தடங்களின் வழியே நடுப்பகுதிக்கு விரைகிறது. வழியில் கட்டத்துக்குக் கட்டம் அது நேரத்தில் குறுகி, திறனில் ஓங்குகிறது. நீர்ப்பரப்பின்மேல் மின்பொறிகள் வேர்போல் படர்ந்து நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. எல்லாத் தடங்களும் கடைசியில் நடுவிலுள்ள வெற்றிடக் கலத்தில் அந்தச் சிறு கூண்டில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு சோதனையிலும் கூண்டும் அதைச் சுற்றிய உலோகப் பாகங்களும் சிதைந்துபோகின்றன. அடுத்த சோதனைக்கு நடுப்பகுதியைச் சுத்தம் செய்து மறுபடி அமைக்க வேண்டும். கம்பிகளைக் கோப்பது கைவேலை. நுண்ணோக்கியைப் பார்த்தபடி, நுனியில் சிறு எடைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள்.

ஏன் இத்தனை சிரமம்? ஒரு வாயுவையோ உலோகக் குழாயையோ வைத்து நெரித்தால் ஆகாதா? 1950களில் வாயுவைத்தான் நெரித்துப் பார்த்தார்கள். அணுக்கருப் பிணைவை இவ்வழியே எட்டிவிடலாம் என்ற நம்பிக்கை பிரிட்டனின் ஹார்வெல்லில் 'ஸீட்டா' கருவியாக உருவெடுத்தது. 1958 ஜனவரியில் வெற்றி என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நெரிபடும் பிளாஸ்மா நேராக நிற்பதில்லை. ஓரிடம் சற்றே ஒடுங்கினால் அங்கே காந்த அழுத்தம் கூடுகிறது, அதனால் மேலும் ஒடுங்குகிறது. ஓரிடம் சற்றே வளைந்தால் வளைவின் உட்பக்கத்தில் புலம் அடர்ந்து மேலும் வளைக்கிறது. வேகமாக நெரித்தால் இந்த நிலையின்மைகள் வளர்வதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்பது பிறகு வந்த சிந்தனை. அதற்கு எடை மிகக் குறைந்த, ஆனால் வட்டம் பெரிதான சுமை வேண்டும். நான்கு மில்லிகிராம் டங்ஸ்டனை 4 செ.மீ. விட்டமுள்ள முழுக் குழாயாக அடித்தால் அதன் சுவர் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கம்பிகளாக நிறுத்துவது அதைவிட நடக்கக்கூடிய காரியம். 1970களின் நடுவில் கம்பிக் கூண்டுகள் இப்படித்தான் சோதனைக்கூடத்துக்குள் வந்தன.

அப்போது எல்லோர் மனத்திலும் இருந்த சித்திரம் எளிமையானது. மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பிகள் ஆவியாகின்றன, ஆவி பிளாஸ்மாவாகிறது, பக்கத்துக் கம்பிகளின் பிளாஸ்மாக்கள் பரவி ஒன்றோடொன்று கலந்து மெல்லிய உருளை ஓடு ஆகின்றன, பிறகு அந்த ஓடு முழுவதும் ஒரே வேகத்தில் அச்சை நோக்கி விழுகிறது. காகிதத்தில் நான்கு வரியில் எழுதி முடிக்கக்கூடிய கணக்கு. 1995-96இல் சாண்டியாவின் இன்னொரு எந்திரமான 'சாட்டர்ன்' இந்தச் சித்திரத்துக்கு வலுவூட்டியது. தாமஸ் சான்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் மொத்த எடையை மாற்றாமல் அலுமினியக் கம்பிகளின் எண்ணிக்கையை 10லிருந்து 192 வரை கூட்டினார்கள். கம்பிகளுக்கு இடையேயான தூரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் எக்ஸ் கதிர்த் துடிப்பு குறுகியது, திறன் சட்டென எகிறியது. கம்பிகள் நெருங்கினால் ஓடு சீராக உருவாகிறது என்று விளக்கம் சொன்னார்கள். துறையே புத்துயிர் பெற்றது. அதற்குமுன் 'பி.பி.எஃப்.ஏ. 2' என்ற பெயரில் அயனிக் கற்றைகளுக்காக ஓடிக்கொண்டிருந்த பெரிய எந்திரம் 1996இல் 'இசட்' ஆக மாறியதற்கு இந்த முடிவுகள் முக்கியக் காரணம்.

சோதனை சரி. விளக்கம் பாதிதான் சரி. உண்மையில் நடப்பதைக் காணக் கம்பிக்குள்ளேயே போக வேண்டும்.

முதல் சில நானோநொடிகளில் மின்னோட்டம் கம்பியின் உலோகத்துக்குள்தான் பாய்கிறது. மின்தடையால் உலோகம் சூடேறுகிறது. சூடேறச் சூடேற மின்தடை கூடுகிறது. அதற்கேற்பக் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் உயர்கிறது. டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் எந்த உலோகக் கம்பியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு உண்டு: ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள், எண்ணெய்ப் பசையின் ஹைட்ரோகார்பன்கள், உலோகத்துக்குள் சிக்கிய வாயு. சூட்டில் இவைதான் முதலில் கிளம்புகின்றன. கம்பியைச் சுற்றி மெல்லிய வாயு உறையாகின்றன. உயர்ந்துகொண்டே போகும் மின்னழுத்தம் ஒரு கட்டத்தில் இந்த உறையை உடைக்கிறது. எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓட, வாயு பிளாஸ்மாவாகிறது. பிளாஸ்மா நல்ல கடத்தி. மின்னோட்டத்துக்கு உலோகத்தைவிட எளிய வழி வெளியே கிடைத்துவிட்டது. அது உலோகத்தை விட்டு உறைக்குத் தாவுகிறது. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் திடீரென்று விழுவதை மானி பதிவு செய்கிறது.

அங்கேதான் பழைய சித்திரம் பொய்த்துப்போகிறது. மின்னோட்டம் வெளியேறியதும் உள்ளே வெப்பம் ஏறுவது நின்றுவிடுகிறது. கம்பி முழுவதும் ஆவியாவதற்குத் தேவையான ஆற்றல் அதற்குள் போய்ச் சேரவேயில்லை. எஞ்சி நிற்பது இரண்டடுக்குப் பொருள். வெளியே சுமார் ஒரு லட்சம் டிகிரியில் தகிக்கும், அடர்த்தி குறைந்த பிளாஸ்மா உறை. மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது அது. உள்ளே திரவத் துளிகளும் ஆவியும் நுரைபோல் கலந்த, ஒப்பீட்டளவில் குளிர்ந்த உட்கரு. எடையின் பெரும்பகுதி அதனிடம். மின்னோட்டம் ஓரிடம், எடை வேறிடம். கம்பிக்கூண்டின் கதை முழுவதையும் இந்தப் பிரிவினைதான் தீர்மானிக்கிறது. கம்பிக்கு மெல்லிய பாலிமைடு பூச்சு கொடுத்தால் மேற்பரப்பில் மின்முறிவு தாமதமாகி உள்ளே அதிக ஆற்றல் சேர்கிறது என்பதைப் பிறகு ஒற்றைக் கம்பிச் சோதனைகளில் காட்டினார்கள். கம்பியின் மேல்தோல் அழுக்கு பல டெராவாட் வெடிப்பின் போக்கில் கைவைக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே கடினமாயிருந்தது.

உட்கரு மெல்ல வீங்கி, பல மடங்கு பருத்து நிற்கிறது, ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. நகர்வது உறைதான். ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் அதன் சொந்தக் காந்தப்புலம் சிறு வளையமாக இருக்கிறது. அதற்கு வெளியே எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அணைக்கும் பெரும்புலம். உறைப் பிளாஸ்மா சற்றே விரிந்தாலும் பெரும்புலத்தின் பிடியில் சிக்கி உள்நோக்கி வீசப்படுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 150 கி.மீ. வீசப்பட்ட இடத்தை நிரப்ப உட்கருவின் மேற்பரப்பு மேலும் கொஞ்சம் கரைந்து பிளாஸ்மாவாகிறது, அதுவும் வீசப்படுகிறது. 240 கம்பிகளிலிருந்தும் 240 ஓடைகள் அச்சை நோக்கி இடைவிடாமல் பாய்கின்றன.

இதைக் கண்டறிந்து படம்பிடித்தது லண்டன் இம்பீரியல் கல்லூரி. அங்கே பிளாக்கெட் ஆய்வுக்கூடத்தில் 1990களில் இயங்கத் தொடங்கிய 'மேக்பை' கருவியின் உச்ச மின்னோட்டம் 14 லட்சம் ஆம்பியர். ஏறும் நேரம் 240 நானோநொடி. 'இசட்'டோடு ஒப்பிட்டால் மின்னோட்டத்தில் பதினான்கில் ஒரு பங்கு. ஆனால் அதற்கு ஒரு வசதி இருந்தது. கம்பிகள் சில டஜன்தான், நேரம் நீளம், சுற்றிலும் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்க்க இடமுண்டு. மால்கம் ஹெய்ன்ஸ் நிறுவிய அந்தக் குழுவில் செர்கே லெபெதேவ், ஜெரமி சிட்டென்டன், சைமன் பிளாண்ட் ஆகியோர் பார்த்த காட்சி இது: கோட்பாட்டின்படி ஓடு பாதி தூரம் உள்ளே வந்திருக்க வேண்டிய நேரத்திலும் கம்பிகளின் உட்கருக்கள் தொடங்கிய ஆரத்திலேயே நிற்கின்றன. கணக்கு சொன்ன மொத்த நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழியும்வரை அவை அசைவதில்லை. அதற்குள் எடையில் பாதியளவு ஓடைகளாகக் கரைந்து கூண்டுக்குள் பரவிவிட்டது. அச்சில் ஓடைகள் மோதி, ஒளிவீசிக் குளிர்ந்து, ஒரு மெல்லிய தூணாகச் சேர்கின்றன. முன்னோடித் தூண் என்று அதற்குப் பெயர். கூண்டு சரியும் முன்பே நடுவில் பிளாஸ்மா காத்திருக்கிறது!

எவ்வளவு எடை எப்போது கரைகிறது என்பதற்கு அவர்கள் சொன்ன கணக்கு ராக்கெட்டின் கணக்கு. பிளாஸ்மா ஒரு திசையில் வீசப்படும்போது அது நொடிக்குப் பெறும் உந்தத்தைக் காந்த விசையோடு சமன்செய்தால் ஒவ்வொரு கணமும் கரையும் எடை கிடைக்கும். அது மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம், கூண்டின் ஆரத்துக்கு எதிர்விகிதம். இத்தனை சிக்கலான பொருளுக்கு இவ்வளவு சிறிய சூத்திரம் பொருந்துகிறதே என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

அடுத்த வியப்பு ஓடைகளின் வடிவம். கம்பி நெடுகிலும் அவை சீராகக் கிளம்புவதில்லை. சீப்பின் பற்களைப்போல் விட்டுவிட்டுக் கிளம்புகின்றன. அலுமினியத்தில் பல்லுக்குப் பல் அரை மில்லிமீட்டர், டங்ஸ்டனில் கால் மில்லிமீட்டர். கம்பியின் தடிமனை மாற்றினாலும், மின்னோட்டத்தை மாற்றினாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. உலோகத்தை மாற்றினால் மட்டும் மாறுகிறது. ஏன் இந்த அளவு என்பதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது.

உட்கருவைப் படம்பிடிக்கச் சாதாரண ஒளி உதவாது. அடர்த்தியில் ஒளி நின்றுவிடும். எக்ஸ் கதிர் வேண்டும், அதுவும் ஒரு புள்ளியிலிருந்து, ஒரு நானோநொடிக்கும் குறைவாக. நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாமரும், மாஸ்கோவிலிருந்து வந்த செர்கே பிகுஸ், தத்யானா ஷெல்கொவென்கோ ஆகியோரும் இதற்குக் கையாண்டது இன்னொரு கம்பி உத்தி. இரண்டு கம்பிகளை எக்ஸ் எழுத்துப்போல் குறுக்கே வைத்து மின்னோட்டம் செலுத்தினால் அவை தொடும் இடத்தில் நெரிப்பு உச்சத்துக்குப் போகிறது. சில மைக்ரான் அளவே உள்ள அந்தப் புள்ளி கண நேரம் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. வெடிக்கும் கம்பியைப் படமெடுக்க இன்னொரு வெடிக்கும் கம்பியே விளக்கு. அந்தப் படங்களில்தான் உட்கருவின் நுரைத் தன்மை வெளிப்பட்டது.

சரிவுக்கு வருவோம். கரைதல் சீராக இல்லாததால் கம்பியின் சில இடங்கள் முதலில் தீர்ந்துபோகின்றன. அங்கே இடைவெளி விழுகிறது. மின்னோட்டம் அந்த இடைவெளியில் உள்ளே முன்பே பரவியிருக்கும் பிளாஸ்மாவின் வழியாக வளைந்து பாய்கிறது. காந்தப்புலமும் அதன் பின்னால் குமிழியாக உள்ளே நுழைகிறது. பல நூறு குமிழிகள் ஒன்றுசேர்ந்து வழியிலுள்ள பிளாஸ்மாவை வாரித் திரட்டிக்கொண்டு அச்சை நோக்கி நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் தீராத கம்பித் துண்டுகள் பின்தங்கிவிடுகின்றன. பின்தங்கிய எடை மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தன்பக்கம் திருப்பிக்கொள்கிறது; அந்தப் பங்கு நெரிப்புக்கு உதவாது. இதற்கு மேல் இன்னொரு தொல்லை. கனமான பிளாஸ்மாவை எடையற்ற காந்தப்புலம் தள்ளும்போது எல்லைப்பரப்பு விரல்விரலாகக் கிழிகிறது. குரூஸ்கலும் ஷ்வார்ஸ்சைல்டும் 1954இலேயே இந்த நிலையின்மையைக் கணித்திருந்தார்கள். அது வளர விதை வேண்டுமே; அந்த விதையைச் சீப்புப் பல் வடிவக் கரைதல் முன்கூட்டியே தூவி வைத்திருக்கிறது.

'இசட்'டின் 300 கம்பிகள் கொண்ட கூண்டுகளிலாவது பழைய ஓட்டுச் சித்திரம் மெய்யாகுமா? அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்திலுள்ள பெரிய லேசருக்கு முன்மாதிரியாகக் கட்டப்பட்ட 'பீம்லெட்' லேசரைச் சாண்டியாவுக்குக் கொண்டுவந்து, அதனால் எக்ஸ் கதிர் உண்டாக்கி, மைக்கேல் கியூனியோவும் மற்றவர்களும் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவு தெளிவானது. அங்கேயும் கம்பிகள் நீண்ட நேரம் நின்று கரைகின்றன. அங்கேயும் எடை பின்தங்குகிறது. சான்ஃபோர்ட் கண்ட முன்னேற்றம் உண்மைதான். கம்பிகள் கூடியதால் கரைதலும் உடைதலும் சுற்றிலும் சமமாகப் பங்கிடப்பட்டன. ஓடு என்ற ஒன்று உருவாகவே இல்லை.

ஒரு கூண்டுக்குள் இன்னொரு கூண்டை வைப்பது நிலையின்மையைத் தணிக்கிறது என்று கிறிஸ் டீனியின் குழு 1998இல் காட்டியது. வெளிக்கூண்டில் 240 கம்பிகள், அதில் பாதி விட்டமுள்ள உட்கூண்டில் 120. எக்ஸ் கதிர்த் திறன் 280 டெராவாட்டைத் தொட்டது.

பிளாஸ்மா அச்சில் மோதி நிற்கும்போது இயக்க ஆற்றல் வெப்பமாகிறது, வெப்பம் எக்ஸ் கதிராகிறது. கணக்கு இங்கேயும் உதைத்தது. சில சோதனைகளில் வெளிவந்த கதிராற்றல், உள்ளே ஓடிவந்த பிளாஸ்மாவின் இயக்க ஆற்றலைவிட மூன்று நான்கு மடங்கு இருந்தது. 'இசட்'டில் எஃகுக் கம்பிகளை வைத்துச் செய்த சோதனைகளில் இரும்பு அயனிகளின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு அகன்றுள்ளன என்று அளந்தபோது அயனிகளின் வெப்பநிலை 200 கோடி கெல்வினைத் தாண்டியிருந்தது. எலெக்ட்ரான்கள் அதில் நூறில் சில பங்குதான். ஹெய்ன்ஸ் 2006இல் ஒரு விளக்கம் தந்தார். நெரிப்பு முடிந்தபின்னும் மிக நுண்ணிய நிலையின்மைகள் காந்தப்புலத்தின் ஆற்றலைக் குறுஞ்சுழல்களாக மாற்றுகின்றன. அயனிகளின் பாகுத்தன்மை அச்சுழல்களை உரசி வெப்பமாக்குகிறது. அரை நூற்றாண்டாகப் பகைவனாகக் கருதப்பட்ட நிலையின்மையே இங்கே உலை மூட்டுகிறது. இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது, ஆனால் இதைவிட அழகான முயற்சியை நான் படித்ததில்லை.

இவ்வளவும் எதற்காக? அமெரிக்கா 1992இல் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தியது. கையிருப்பிலுள்ள குண்டுகள் வேலைசெய்யுமா என்று ஆய்வுக்கூடத்திலேயே சரிபார்க்கும் திட்டத்தின் பகுதியாகத்தான் 'இசட்' பணம் பெறுகிறது. இதை மறைத்து வானியலை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அதே கூண்டு தரும் எக்ஸ் கதிர் வேறு கேள்விகளுக்கும் பதில் தேடித் தருகிறது என்பதும் உண்மை. சூரியனின் உட்புறத்தில் ஆற்றல் கதிராகப் பரவும் பகுதி முடிந்து கொந்தளிப்பாகப் பரவும் பகுதி தொடங்கும் எல்லையில் வெப்பநிலை சுமார் 20 லட்சம் கெல்வின். அங்கே கதிரை மறிக்கும் பொருள்களில் இரும்பின் பங்கு கால்வாசி. அந்த நிலையில் இரும்பு எவ்வளவு கதிரை மறிக்கும் என்பதைப் பல காலம் கணக்கால்தான் அறிந்தோம். ஜேம்ஸ் பெய்லியின் குழு கம்பிக்கூண்டின் கதிரால் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை அதே வெப்பநிலைக்குக் கொண்டுபோய் நேரடியாக அளந்தது. 2015இல் வெளியான முடிவின்படி, அலைநீளத்துக்கு ஏற்ப, இரும்பு கணித்ததைவிட 30 முதல் 400 விழுக்காடு வரை கூடுதலாக மறிக்கிறது. சூரியக் கோட்பாட்டுக்கும் சூரிய அதிர்வுகளின் அளவீட்டுக்கும் இடையே நிலவும் முரண்பாட்டில் ஏறத்தாழப் பாதியை இது தீர்க்கிறது. லிவர்மோரின் லேசர்க் கூடத்தில் வேறு வழியில் இதே அளவீட்டைச் சரிபார்க்கிறார்கள்.

அணுக்கருப் பிணைவுச் சோதனைகளுக்கு இப்போது 'இசட்' கம்பிகளை நாடுவதில்லை. 2013 முதல் பெரிலியம் குழாய்க்குள் எரிபொருளை அடைத்து, லேசரால் முன்கூட்டிச் சூடாக்கி நெரிக்கிறார்கள். எக்ஸ் கதிர் தேவைப்படும் சோதனைகளுக்குக் கம்பிக்கூண்டுதான். இம்பீரியலில் கூண்டின் வடிவத்தைக் கூம்பாகவும் ஆரக்கால்களாகவும் மாற்றி, பிறக்கும் நட்சத்திரங்கள் உமிழும் பிளாஸ்மாத் தாரைகளை ஒத்த தாரைகளை உண்டாக்குகிறார்கள்.

இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்பிக்குள் நடப்பதைக் கண்டுபிடித்தவை பல்கலைக்கழக அளவிலான கருவிகள். குறுக்குக் கம்பி எக்ஸ் கதிர் மூலத்தை இயக்க ஒரு லட்சம் ஆம்பியரைச் சற்றே தாண்டிய மின்னோட்டம் போதும்; மேசை அளவுள்ள கருவிகளே அதைத் தருகின்றன. சீப்புப் பற்களின் இடைவெளி ஏன் உலோகத்துக்கு உலோகம் மாறுகிறது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்த ஆசிரியரும், ஒரு நல்ல வெற்றிடக் கலமும், பொறுமையும் உள்ள எந்த இயற்பியல் துறையும் இதில் இறங்கலாம். இறங்குங்கள்.